காது கேளாத பெரியவர்களுக்கு மறதி நோய் வந்தால் நாம் எப்படிக் கண்டுபிடிப்பது?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

போன கூட்டத்தில் முதியோர் நலம் பற்றிப் பேசியபோது, பின் வரிசையிலிருந்து ஒரு சகோதரி எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "வயசானவங்களுக்கு மறதி நோய் வந்திருக்கான்னு பார்க்க டாக்டர் கேள்வி கேப்பாருன்னு சொன்னீங்க. எங்க பெரியம்மாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேக்காது, பேச்சும் வராது. அவங்ககிட்ட எப்படிக் கேப்பாங்க?" நல்ல கேள்வி. ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போகக் கூடியது அல்ல. அதனால் இந்த மாதம் முழுக்க இதைப் பற்றியே பேசலாம் என்று நிர்வாகக் குழுவில் முடிவு செய்தோம்.

முதலில் ஒரு வார்த்தை. நம் ஊரில் இன்னும் சிலர் "ஊமை", "செவிடு" என்று கூப்பிடுகிறார்கள். 2010ல் தமிழக அரசு "மாற்றுத்திறனாளிகள்" என்ற சொல்லைக் கொண்டுவந்தது. நாமும் அதற்கு ஏற்றபடி பேசிப் பழகுவோம். வாயால் பேசாவிட்டாலும் அவர்கள் கையால் பேசுகிறார்கள். அவர்களுக்கும் ஒரு மொழி உண்டு. இன்றைக்கு நாம் பேசப்போவது முழுக்க அந்த மொழியைப் பற்றித்தான்.

மறதி நோய் என்றால் என்ன?

சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது எல்லாருக்கும் நடக்கும். அது நோய் இல்லை. மறதி நோயை டிமென்ஷியா என்று டாக்டர்கள் சொல்வார்கள். இதில் மூளை கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகிறது. ஞாபகம், யோசனை, மொழி, வழி தெரிவது, அன்றாட வேலை எல்லாம் மெதுவாகக் குறைகின்றன. அல்சைமர் நோய் இதில் ஒரு வகை. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் கெடுவதால் வருவது இன்னொரு வகை.

இது பணக்கார வீட்டு நோய் என்று நினைக்க வேண்டாம். இந்தியா முழுவதும் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2023ல் வெளிவந்தது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100க்கு 7 பேருக்கு மேல் இந்த நோய் இருப்பதாக அது சொல்கிறது. மொத்தம் சுமார் 88 லட்சம் பேர். நகரத்தை விடக் கிராமத்தில் அதிகம், ஆண்களை விடப் பெண்களுக்கு அதிகம். ஆக, கிராமத்தில் இருக்கும் பெண்களான நம்மைப் பற்றியதுதான் இந்த விஷயம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் காது கேட்பதில் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர் என்று பதிவானது. அவர்களுக்கும் வயதாகிறது. அவர்களுக்கும் மறதி நோய் வரும். ஆனால் வந்தால் யார் கண்ணிலும் படுவதில்லை.

நெல்லுக்குச் செய்த சல்லடை

டாக்டர் முதலில் செய்வது ஒரு சின்னப் பரிசோதனை. சில கேள்வி, சில வேலை, பத்து நிமிஷம். அதில் மதிப்பெண் குறைந்தால் மேற்கொண்டு ரத்தம், ஸ்கேன் என்று பார்ப்பார்கள். இதைச் சல்லடை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று சலித்து எடுப்பதுதான் இதன் வேலை. நோய் இருக்கிறதா இல்லையா என்ற தீர்ப்பு இது அல்ல.

ஆனால் நெல்லுக்குச் செய்த சல்லடையில் கேழ்வரகைப் போட்டால் என்ன ஆகும்? எல்லாம் கீழே கொட்டிவிடும். சல்லடை மேலும் தப்பு இல்லை, கேழ்வரகு மேலும் தப்பு இல்லை. இதற்கு அது பொருந்தாது, அவ்வளவுதான்.

உலகம் முழுக்க அதிகம் பயன்படும் பரிசோதனை ஒன்று 1975ல் அமெரிக்காவில் உருவானது. மொத்தம் 30 மதிப்பெண். இன்று என்ன தேதி, என்ன கிழமை என்று கேட்பார்கள். மூன்று பொருளின் பெயரைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்பார்கள். ஒரு வாக்கியத்தை எழுதச் சொல்வார்கள். ஓர் ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வார்கள். பள்ளிக்கூடம் போகாத நம் பாட்டிக்கு இது எப்படிப் பொருந்தும்? காது நன்றாகக் கேட்டாலும் பாட்டி தோற்றுப்போவார். அதனால்தான் 1990களில் ஹரியானா மாநிலம் பல்லப்கர் பகுதிக் கிராமங்களுக்காக, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் ஏற்ற மாதிரி அந்தப் பரிசோதனையை இந்தியில் மாற்றி அமைத்தார்கள்.

படிக்காதவர்களுக்கே சல்லடையை மாற்ற வேண்டியிருந்தது என்றால், சைகையில் பேசுகிறவர்களுக்கு?

"சைகை தெரிஞ்ச ஒருத்தரை வைச்சு அதே கேள்வியைக் கேட்டா போதாதா?" என்று நீங்கள் நினைக்கலாம். போதாது. ஏன் என்று பாருங்கள்.

ஒன்று: "இந்தத் தாளை வலது கையில் எடுங்கள், இரண்டாக மடியுங்கள், கீழே வையுங்கள்" என்பது ஒரு கேள்வி. இதைச் சைகையில் சொல்லும்போது எடுப்பது போலவும் மடிப்பது போலவும் கை செய்து காட்டிவிடுகிறது. விடையே கேள்வியில் வந்துவிட்டது! நோய் இருப்பவரும் பார்த்துச் செய்துவிடுவார்.

இரண்டு: மூக்கு எது என்று கேட்க வேண்டும். சைகையில் மூக்கைத் தொட்டுக் காட்டித்தான் கேட்க முடியும். அப்புறம் அதில் என்ன சோதனை?

மூன்று: "நான் சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்லுங்கள்" என்ற கேள்வி காதால் கேட்ட ஒலியை வைத்து அமைந்தது. சைகைக்கு மாற்றினால் அது வேறு சோதனையாகிவிடும். எழுத்துக்களைப் பின்னாலிருந்து சொல்வதும் அப்படித்தான். நல்ல ஞாபகம் உள்ளவரும் இதில் தோற்பார்.

நான்கு: நாம் எழுதிக்கொண்டே காதால் கேட்கிறோம். காது கேளாதவருக்குக் கண்தான் காது. தாளைப் பார்த்தால் சைகை தெரியாது. சைகையைப் பார்த்தால் தாள் தெரியாது. அதனால் நேரம் அதிகம் ஆகும். அதை "மந்தமாகச் செய்கிறார்" என்று எழுதிவிடுவார்கள்.

ஆக, இந்தச் சல்லடை இரண்டு பக்கமும் ஏமாற்றும். நோய் இருப்பவரை இல்லை என்று அனுப்பிவிடும். நோய் இல்லாதவரை இருக்கிறது என்று பிடித்துவைக்கும்.

அவர்களுக்கென்றே ஒரு சல்லடை

செய்ய முடியாத காரியமா இது? இல்லை. இங்கிலாந்தில் செய்து காட்டியிருக்கிறார்கள். லண்டனில் உள்ள யூனிவர்சிட்டி காலேஜ் என்ற பல்கலைக்கழகத்தில் காது கேளாமை, மொழி பற்றிய ஆராய்ச்சி மையம் ஒன்று இருக்கிறது. காது கேளாத ஆராய்ச்சியாளர்களும் அங்கே வேலை செய்கிறார்கள். பழைய கேள்விகளை மொழிபெயர்க்காமல், பிரிட்டிஷ் சைகை மொழியிலேயே முதலிலிருந்து ஒரு பரிசோதனையை உருவாக்கினார்கள். 2015ல் அதன் முடிவை மருத்துவ இதழில் வெளியிட்டார்கள்.

அவர்கள் செய்ததில் முக்கியமான விஷயம் இதுதான்: 50 முதல் 89 வயது வரை உள்ள, சைகையில் பேசும், நோய் இல்லாத 226 பேரிடம் முதலில் அந்தப் பரிசோதனையைச் செய்தார்கள். "காது கேளாத, ஆரோக்கியமான ஒருவர் இந்த வயதில் இவ்வளவு மதிப்பெண் எடுப்பார்" என்று ஒரு கணக்கு கிடைத்தது. பிறகு மறதி நோய் வந்த, காது கேளாத 14 பேரிடம் அதே பரிசோதனையைச் செய்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வித்தியாசம் தெரிந்தது. காது கேட்பவர்களோடு ஒப்பிடாமல் அவர்களை அவர்கள் கூட்டத்தோடே ஒப்பிட்டதுதான் இதன் அடிப்படை.

அதை அப்படியே இங்கே கொண்டுவந்து நம் பெரியம்மாவிடம் செய்ய முடியாது. சைகை மொழி உலகம் முழுக்க ஒன்று இல்லை. இங்கிலாந்துக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு ஒன்று, இந்தியாவுக்கு ஒன்று. தமிழும் தெலுங்கும் போல வேறு வேறு. இந்திய சைகை மொழிக்கென்று டெல்லியில் ஓர் ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2015ல்தான் தொடங்கியது. அதன் முதல் அகராதி 2018ல், 3,000 சொற்களோடு வந்தது. பிறகு 10,000 சொற்களாக வளர்ந்தது.

நம் கிராமத்துப் பெரியவர்கள் அதற்கெல்லாம் முன்னால் பிறந்தவர்கள். பாளையங்கோட்டையில் 1890களிலேயே காது கேளாதோர் பள்ளி தொடங்கியது உண்மைதான். ஆனால் அந்தக் காலத்தில் எத்தனை பேர் பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பினார்கள்? பள்ளிக்கூடம் போகாதவர்கள் வீட்டில் உள்ளவர்களோடு சேர்ந்து தாங்களே ஒரு சைகையை உண்டாக்கிக்கொண்டார்கள். மூக்குத்தியைத் தொட்டால் பெரிய மகள். மீசையை முறுக்கினால் வீட்டுக்காரர். நெற்றியில் இரண்டு விரலை வைத்தால் மாடு. அது அந்த வீட்டுக்கு மட்டும் தெரிந்த மொழி. அந்த மொழியில் எந்த ஆஸ்பத்திரியிலும் பரிசோதனை கிடையாது.

அப்படியானால் யார் கண்டுபிடிப்பது? அந்தக் கையைத் தினமும் பார்ப்பவர்கள்தான். அதாவது நீங்கள்.

வீட்டார் சொல்லும் சாட்சிக்கு மதிப்பு உண்டு

"நாங்க படிக்காதவங்க, நாங்க சொல்றதை டாக்டர் எடுத்துக்குவாரா?" என்று தயங்க வேண்டாம். ஏழை நாடுகளில் மறதி நோயை ஆராய 1998ல் உலக அளவில் ஒரு குழு உருவானது. நம் நாட்டில் சென்னை நகரத்திலும் வேலூர் பகுதிக் கிராமங்களிலும் அந்த ஆய்வு நடந்தது. அதில் நோயாளியிடம் மட்டும் கேள்வி கேட்கவில்லை. அவரை நன்றாகத் தெரிந்த ஒருவரிடமும் தனியாகக் கேட்டார்கள். முன்பு எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார், எந்த வேலையை விட்டுவிட்டார் என்றெல்லாம் கேட்டார்கள். படிப்பு இல்லாத ஒரே காரணத்துக்காக ஒருவரை நோயாளி என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு.

ஆக அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிடாதீர்கள். காது கேட்பவரோடு ஒப்பிடாதீர்கள். போன வருஷம் இருந்த அவரோடு இந்த வருஷம் இருக்கும் அவரை ஒப்பிடுங்கள்.

எதைக் கவனிக்க வேண்டும்?

1. பேர் சொல்லும் சைகை மாறுகிறதா? பெரிய மகள், சின்ன மகள், பேத்தி எல்லாருக்கும் ஒரே சைகையைக் காட்டுகிறாரா?
2. சைகை பாதியில் நிற்கிறதா? கை மேலே வந்து, என்ன காட்டுவது என்று தெரியாமல் தேடுகிறதா?
3. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறாரா? "மகன் வந்தாச்சா?" என்று ஒரு மணி நேரத்தில் பத்து தடவை?
4. வழக்கமாகப் புரியும் சைகை புரியவில்லையா?
5. நாற்பது வருஷம் செய்த வேலையில் தடுமாற்றமா? குழம்பில் இரண்டு தரம் உப்பு, புள்ளி வைத்த கோலம் முடியாமல் நிற்பது, ரூபாய் நோட்டைப் பிரித்துச் சொல்ல முடியாதது?
6. தெரிந்த வழியில் தொலைந்து போகிறாரா?
7. குணம் மாறிவிட்டதா? கலகலப்பாகக் கை பேசியவர் மூலையில் உட்கார்ந்துவிட்டாரா? காரணமில்லாமல் கோபமா?
8. சேலை கட்டுவது, குளிப்பது, கழிப்பறைக்குப் போவது ஆகியவற்றில் குழப்பமா?

இதில் ஒன்று ஒரு நாள் நடந்தால் பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று சேர்ந்து, ஆறு மாதம், ஒரு வருஷமாக மெல்ல மெல்ல அதிகமானால் காட்டியே ஆக வேண்டும்.

சந்தேகப்படும் குணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சுற்றி நாலு பேர் வாயசைத்துச் சிரித்தால், "என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள்" என்று காது கேளாதவருக்குத் தோன்றுவது இயற்கை. அது நோய் இல்லை. அவருக்கும் சைகையில் சொல்லிவிட்டுச் சிரியுங்கள். ஆனால் முன்பு இல்லாமல், இப்போது புதிதாக "என் நகையைத் திருடிவிட்டார்கள்" என்று தினமும் காட்டினால், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கையில் வரும் மாற்றத்தை ஏன் இவ்வளவு சொல்கிறோம்? சைகை என்பது வெறும் நடிப்பு அல்ல. அமெரிக்காவில் சைகையில் பேசும், பக்கவாதம் வந்தவர்களை ஆராய்ந்து 1980களில் ஓர் உண்மையைக் கண்டார்கள். நம்மில் பெரும்பாலோருக்கு வாய்ப்பேச்சை நடத்துவது மூளையின் இடது பக்கம். சைகை மொழியை நடத்துவதும் அதே இடது பக்கம்தான். அங்கே அடிபட்டால் நமக்கு வாய் குழறுவது போல, அவர்களுக்குக் கை குழறுகிறது. கை அசையும், ஆனால் மொழி வராது.

எல்லாத் தடுமாற்றமும் மறதி நோய் இல்லை

எங்கள் பகுதியில் ஓர் அம்மா, வயது 68. பிறவியிலிருந்தே காது கேளாதவர். "சைகை காட்டினா வேற எதையோ செய்யுது. பக்கத்துல போனாத் திடுக்கிடுது. புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று மகள் சொன்னார். கண் சிகிச்சை முகாமுக்கு அழைத்துப் போனோம். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. நம் கை அவருக்குத் தெரியவே இல்லை! அறுவைச் சிகிச்சை முடிந்து கட்டுப் பிரித்த மறுநாள், வந்தவர்களுக்கெல்லாம் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அதனால் முதலில் கண்ணைப் பாருங்கள். காது கேளாதவருக்குக் கண் போனால் மொழியே போகிறது. அடுத்து கையைப் பாருங்கள். மூட்டுவாதம், நடுக்குவாதம், பக்கவாதம் இருந்தால் சைகை தெளிவாக வராது. பிறகு ரத்தப் பரிசோதனை. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைவு இரண்டும் மறதி நோய் போலவே காட்டும். மருந்தால் சரியாகக் கூடியவை. மன அழுத்தமும் அப்படித்தான். வீட்டுக்காரர் இறந்த பிறகு, தன் சைகை தெரிந்த ஒரே ஆளையும் இழந்து மௌனமாகிப்போன அம்மாக்கள் இருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். இரண்டு மூன்று நாளில் திடீரென்று குழப்பம் வந்தால் அது அவசரம். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, உடம்பில் நீர் வற்றுவது, உப்புச் சத்துக் குறைவு, புதிதாகச் சாப்பிட்ட மாத்திரை ஆகியவை காரணமாக இருக்கலாம். வாய் கோணினாலோ ஒரு பக்கக் கை கால் விழுந்தாலோ அது பக்கவாதம். உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

"காது கேக்காதவங்க அப்படித்தான்" என்ற ஒரு வார்த்தை

இதற்கு நேர் மாறாக இன்னொரு கதை. ஆடு வளர்த்துப் பிழைத்த ஓர் அம்மா. விதவை. மகனுக்கு வெளியூரில் வேலை. அந்த அம்மாவின் சைகை முழுசாகத் தெரிந்தவர் அவருடைய நாத்தனார் மட்டும்தான். "அண்ணி என்னைக் கூப்பிடற சைகையையே மறந்துட்டாங்க" என்று முதலில் சொன்னதும் அவர்தான். மகன் ஊருக்கு வந்தபோது ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கே கிழமை, மாசம் கேட்டார்கள். அம்மாவுக்குக் கேள்வியே புரியவில்லை. மகனே பாதிக்குப் பதில் சொன்னார். "காது கேக்காதவங்க, படிக்காதவங்க. இப்படித்தான் இருப்பாங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

ஒன்றரை வருஷம் போனது. அதற்குள் ஒரு வியாபாரி பாதி விலை கொடுத்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனான். வாங்கிய பணம் எங்கே என்று அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. ஒரு நாள் விடியற்காலையில் நெடுஞ்சாலை நடுவில் நடந்துகொண்டிருந்தார். பின்னால் லாரி ஹாரன் அடித்தது அவருக்கு எப்படித் தெரியும்? பால்காரர் ஒருவர் பார்த்து இழுத்து நிறுத்தியதால் உயிர் பிழைத்தார்.

இரண்டாம் முறை நாத்தனாரும் கூடப் போனார். முன்பு எப்படி, இப்போது எப்படி என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். டாக்டர் பொறுமையாகக் கேட்டு, ரத்தமும் ஸ்கேனும் எடுத்து, மறதி நோய் என்று உறுதி செய்தார். நோய் அதே நோய்தான். முதல் தடவை சாட்சி சொல்ல ஆள் இல்லை. இரண்டாம் தடவை இருந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது

• ஒரு நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். "முன்பு", "இப்போது". எந்த மாசத்திலிருந்து என்று எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் குழு எழுத்தரிடம் சொல்லி எழுதுங்கள். பள்ளிக்கூடம் போனாரா, எந்தச் சைகை பேசுவார் என்பதையும் எழுதுங்கள்.

• அவருடைய சைகை நன்றாகத் தெரிந்த ஒருவர் கூடப் போக வேண்டும். மகன்தான் போக வேண்டும் என்பதில்லை. நாத்தனார், சிறுவயதுத் தோழி, பக்கத்து வீட்டு அக்கா யாராக இருந்தாலும் சரி. பள்ளியில் சைகை மொழி படித்தவர் என்றால், சைகை மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள்.

• கூடப் போகிறவர் அவருக்காகப் பதில் சொல்லக் கூடாது. இதுதான் ரொம்ப முக்கியம். அவர் கை குழறினால், நாம் பாசத்தில் அதைச் சீராக்கி நல்ல வாக்கியமாக டாக்டரிடம் சொல்லிவிடுகிறோம். கிழிந்த துணியைத் தைத்துக் கொடுத்துவிட்டால், கிழிசல் எங்கே என்று டாக்டருக்கு எப்படித் தெரியும்? "ரெண்டு தடவை அதையே காட்டினாங்க, நடுவுல நின்னுட்டாங்க, இந்தச் சைகை தப்பு" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

• வெளிச்சம் முகத்திலும் கையிலும் விழும்படி, எதிரெதிராக உட்காரச் சொல்லுங்கள். ஒரு சமயத்தில் ஒருவர் மட்டும் பேச வேண்டும். கண்ணாடி போடுபவர் என்றால் கண்ணாடியை மறக்காதீர்கள்.

• இப்போது எல்லார் வீட்டிலும் செல்போன் இருக்கிறது. அவருடைய சம்மதத்தோடு, போன பொங்கலைப் பற்றி அவர் சொல்வதை இரண்டு நிமிஷம் வீடியோ எடுத்து வையுங்கள். ஆறு மாசம் கழித்து இன்னொன்று எடுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மாற்றம் தெரியும். டாக்டருக்குக் காட்டலாம். வாட்ஸ்அப்பில் ஊருக்கெல்லாம் அனுப்பக் கூடாது. அது அவர் மானம்.

முதலில் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனையில் உள்ள மனநலப் பிரிவு, நரம்பியல் பிரிவு என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். 2021ல் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கியபோது வீடு வீடாகப் போன மகளிர் தன்னார்வலர்களில் நம் குழுப் பெண்கள் நிறையப் பேர். ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கப் போகும் வீட்டில் காது கேளாத பெரியவர் இருந்தால், "போன வருஷத்துக்கு இப்ப எப்படி இருக்காங்க?" என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டால் போதும். மருத்துவமனைகளில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தடை இல்லாத சேவை வேண்டும் என்று 2016ல் வந்த சட்டம் சொல்கிறது. அதனால் தயங்காமல் உரிமையோடு கேளுங்கள்.

தெரிந்து என்ன பிரயோஜனம்?

மறதி நோயை முழுக்கக் குணமாக்கும் மருந்து இல்லை. சிலருக்குக் கொஞ்ச காலம் அறிகுறியைக் குறைக்கும் மாத்திரைகள் உண்டு. பிறகு ஏன் கண்டுபிடிக்க வேண்டும்? வேண்டுமென்றே செய்கிறார் என்று யாரும் அவரை அடிக்க மாட்டார்கள். பணமும் பட்டாவும் ஏமாற்றுக்காரன் கையில் போகாது. அவருக்குத் தெளிவு இருக்கும்போதே, யாரோடு இருக்க விரும்புகிறார் என்று அவரையே கேட்டுவிடலாம்.

வீட்டில் சில சின்ன ஏற்பாடுகள். ராத்திரியில் ஒரு பல்பு எரியட்டும். இருட்டில் கை தெரியாது, அவருக்கு அது வாயைக் கட்டிப்போட்டது போல. பின்னாலிருந்து தொடாமல் எதிரில் வந்து நில்லுங்கள். அவருடைய பழைய சைகையிலேயே, மெதுவாக, ஒவ்வொன்றாகப் பேசுங்கள். பதில் வராவிட்டாலும் பேசுவதை நிறுத்தாதீர்கள். வீட்டார் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி இடுப்புப் பையிலோ சேலை முடிச்சிலோ வையுங்கள். வழி தவறினால் அவரால் பேர் சொல்ல முடியாது, அந்தச் சீட்டுதான் சொல்லும்.

கவனித்துக்கொள்ளும் மகளையும் மருமகளையும் மறக்கக் கூடாது. ராத்திரி பகல் தூங்காமல் பார்ப்பவர்கள் அவர்கள். வாரம் இரண்டு மணி நேரம் குழுவில் ஒருவர் போய் உட்கார்ந்தால், அந்தப் பெண் கடைக்கோ கோயிலுக்கோ போய் வருவார்.

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

"காது கேக்காதவங்களுக்கு மறதி நோய் அதிகமா வருமாமே?"

நடுத்தர வயதில் காது மங்குவது மறதி நோய்க்கான ஆபத்துக் காரணங்களில் ஒன்று என்று 2024ல் வெளிவந்த உலக நிபுணர் குழு அறிக்கை சொல்கிறது. அது நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்து பிறகு காது மங்கியவர்களைப் பற்றியது. அவர்கள் காதைப் பரிசோதித்து, தேவையானால் கருவி போட்டுக்கொள்ள வேண்டும். சிறுவயதிலிருந்தே சைகையில் வாழ்பவர்கள் நிலை வேறு. அந்தக் கணக்கை அவர்கள் தலையில் வைக்கக் கூடாது.

"நாங்களே வீடு வீடாப் போய்க் கேள்வி கேட்டு மார்க் போடலாமா?"

கூடாதும்மா. நோய் என்று முடிவு சொல்ல வேண்டியவர் டாக்டர். நாம் கவனிக்கலாம், எழுதலாம், கூடப் போகலாம். "அவளுக்குப் புத்தி போச்சு" என்று ஊரில் பேர் கட்டிவிட்டால் அதை யாராலும் திருப்பி எடுக்க முடியாது.

"வீட்டுல யாருக்குமே அவங்க சைகை சரியாத் தெரியாதே?"

யாருக்காவது தெரிந்திருக்கும். வயல் வேலைக்குக் கூட வந்த தோழியைத் தேடுங்கள். அதோடு, இப்போதே கற்றுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த மருமகள் மாமியாரின் இருபது சைகையைக் கற்றுக்கொண்டால் நாளைக்கு அதுவே பெரிய மருந்து.

குழுக்களுக்கு மூன்று வேலை

அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொரு குழுவும் இதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவது, உங்கள் ஊரில் 50 வயது தாண்டிய, சைகையில் பேசும் பெரியவர்கள் யார் யார், அவர்கள் ஒவ்வொருவருடைய சைகையும் நன்றாகத் தெரிந்தவர் யார் என்று எழுதுங்கள். இரண்டாவது, அவர்களுக்குக் கண் பரிசோதனை ஆகியிருக்கிறதா, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது, மாற்றம் தெரிந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போக ஒரு உறுப்பினரை இப்போதே முடிவு செய்யுங்கள். பேருந்துச் செலவைக் குழுவின் பொது நிதியிலிருந்து கொடுக்கலாம்.

குழுவில் உறுப்பினராக இருக்கும் காது கேளாத சகோதரிகளையும் இந்த வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். கையில் வரும் தடுமாற்றத்தை நம்மை விட அவர்கள் சீக்கிரம் கண்டுபிடிப்பார்கள்.

பட்டியலை இந்த மாதக் கடைசிக்குள் ஊக்குநர் மூலம் கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுங்கள். கண் முகாம் தேதி தெரிந்ததும் நாங்கள் தகவல் அனுப்புகிறோம்.